பாய் வீட்டு மாடியில் எடுத்த அளவு

பாரிவாக்கத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் சில வருடங்கள் ஒரு செல்போன் டவர் நின்றது. இப்போது இல்லை. அதன் கால்களை நட்டிருந்த இடங்களில் சிமெண்ட் பூசிய திட்டுகள் மட்டும் வேறு நிறத்தில் தெரிகின்றன. மாடிக்கு வருகிறவர்கள் இதென்ன என்று கேட்டால் டவர் இருந்தது என்பேன். ஏன் எடுத்துவிட்டீர்கள் என்றால் ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்பேன். அது பொய்யில்லை. ஆனால் அவ்வளவுதான் என்று எனக்கே சொல்லிக்கொள்ள முடிவதில்லை.

என் கணவர் குடும்பத்துக்கு இது பூர்வீக ஊர். மாமனார் காலத்திலேயே நிலம் மனைகளாகப் பிரிந்துவிட்டது. எங்கள் வீட்டை ஒட்டிய மனையை வாங்கியவர்தான் பாய். பூந்தமல்லியில் ஆட்டோவுக்கும் வேனுக்கும் சீட் தைக்கிற கடை வைத்திருந்தார். அவர் வீடு கட்டும்போது தண்ணீர் எங்கள் மோட்டாரிலிருந்து போனது. எங்கள் மாடிக்கும் அவர் மாடிக்கும் நடுவே ஒரு ஆள் பக்கவாட்டில் நடக்கிற அளவுதான் சந்து. இந்தப் பக்கம் நின்று கையை நீட்டினால் அந்தப் பக்கம் நிற்கிறவர் எதையும் வாங்கிக்கொள்ளலாம்.

பாயின் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் தெருவில் முதலில் ஸ்கூட்டர் ஓட்டிய பெண் அவர்தான். எனக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை கிடைத்து, பஸ் மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தபோது, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் வீடு வராத காலி மனைகளுக்கு என்னைக் கூட்டிப்போய் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தார். பின்னால் உட்கார்ந்துகொண்டு, "பிரேக்க புடிக்காத மா, ரோட்ட பாரு" என்பார். நான் இரண்டு முறை அவரையும் சேர்த்துக் கீழே தள்ளினேன். துப்பட்டாவைத் தட்டிவிட்டு மறுபடியும் ஏறி உட்கார்ந்தார். அப்படிப்பட்ட பழக்கம்.

டவர் வந்த சமயத்தில் எங்கள் பக்கம் வீட்டுக்குள் போன் பேசவே முடியாது. தெருமுனைக்கு ஓடவேண்டும். டவர் வைக்க இடம் தேடி ஒரு கம்பெனி ஆள் தெருவில் கேட்டுக்கொண்டு வந்தபோது என் கணவர் ஒப்புக்கொண்டார். மாத வாடகை வரும், சிக்னலும் வரும். தெருவில் யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. பாய்தான் எல்லோரையும்விட சந்தோஷப்பட்டார். வீட்டில் இருந்தபடியே வேன்காரர்களிடம் பேசி ஆர்டர் எடுக்க முடிந்தது. கல்யாணமாகி வளைகுடா நாட்டில் இருந்த அவருடைய ஒரே மகளோடு சாயங்காலம் வீடியோவில் பேசினார்கள். அக்கா பேசுவது எங்கள் சமையலறை வரை கேட்கும்.

பாய்க்கு முதலில் தலைவலி என்றார்கள். கண்ணாடி மாற்றினார்கள். பிறகு கடையில் கத்தரிக்கோல் கையிலிருந்து நழுவி விழ ஆரம்பித்தது. ஒருநாள் தைத்துக்கொண்டிருக்கும்போதே சாய்ந்துவிட்டார். பெரியாஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்து மூளையில் கட்டி என்று சொன்னார்கள். ஆபரேஷன் முடிந்து, மொட்டைத் தலையில் காதுக்கு மேலே நீளமான தையலோடு வீட்டுக்கு வந்தார். எல்லாவற்றையும் எடுக்க முடியவில்லை என்று டாக்டர் சொன்னதை அக்கா என்னிடம்தான் முதலில் சொன்னார். எங்கள் வீட்டுப் படியில் உட்கார்ந்து சொன்னார்.

அதற்குப் பிறகுதான் தெருவில் பேச்சு கிளம்பியது. டவரால்தான் புற்றுநோய் வருகிறது என்று யாரோ பேசி அனுப்பிய ஒரு குரல் பதிவு ஒவ்வொரு போனாகச் சுற்றியது. எங்கள் டவர் வழியாகத்தான் அது எல்லா வீட்டுக்கும் போயிருக்கும். எனக்கும் வந்தது. கேட்டுவிட்டு அழித்தேன். அக்காவுக்கும் வந்திருக்கும் என்று தெரியும். ஆனால் அவர் ஒன்றும் கேட்கவில்லை. நானும் பேச்சை எடுக்கவில்லை.

ஒருநாள் காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது கேட்டருகே வந்து நின்றார். வண்டியின் கைப்பிடி மேல் கை வைத்துக்கொண்டார்.

"அந்த டவர எடுத்துடு மா," என்றார். "வேற ஒண்ணும் நான் உன்ன கேட்டதில்ல."

நான் பார்க்கிறேன் அக்கா என்றேன். அவர் கையை எடுத்தார். அன்று எஸ்டேட் வரை எப்படி வண்டி ஓட்டினேன் என்று நினைவில்லை.

கம்பெனி ஆளுக்கு போன் செய்தேன். ஒப்பந்தக் காலம் இன்னும் இருக்கிறது, நடுவில் எடுக்க முடியாது என்றார். அரசாங்கம் வைத்திருக்கிற அளவுக்கு உட்பட்டுத்தான் எல்லாம் ஓடுகிறது, தொலைத்தொடர்பு அமைச்சகத்துக்கு நாங்களே சான்று கொடுக்கிறோம் என்றார். நீங்களே கொடுத்துக்கொள்கிற சான்றை அந்தம்மா எப்படி நம்புவார் என்று கேட்டேன். சந்தேகம் இருந்தால் அமைச்சகத்தின் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம், அவர்கள் ஆளை அனுப்பி அளந்து பார்ப்பார்கள் என்றார். என்னைத் தட்டிக்கழிக்கத்தான் அதைச் சொன்னார் என்று நினைக்கிறேன். ஆனால் எனக்கு அது பிடித்துக்கொண்டது.

என் வேலை அப்படி. மோட்டார் உதிரிபாகம் செய்கிற கம்பெனியில் தரம் பார்க்கிற பிரிவில் இருக்கிறேன். பீஸை எடுத்து கேஜில் வைத்துப் பார்ப்பேன். அளவுக்குள் இருந்தால் போகும். இல்லையென்றால் சிவப்புக் கூடை. அதில் சண்டைக்கு இடமில்லை. இந்த விஷயத்துக்கும் அப்படி ஒரு கருவி இருக்கிறது, தில்லியில் இருக்கிற ஒரு அமைச்சகம் அதை எங்கள் தெருவுக்கே கொண்டுவரும் என்றதும், இதுவும் அப்படி முடிந்துவிடும் என்று நம்பினேன்.

என் கணவருக்கு இது பிடிக்கவில்லை.

"இன்னாத்துக்கு இந்த வேல உனக்கு? அளவு ஏறிகீதுன்னு சொல்லிட்டா இன்னா பண்ணுவ?"

"கம்பெனி இன்னா சொன்னாலும் எடுக்க வெப்பேன்."

"ஏறலன்னா?"

பதிலுக்கு நிற்காமல் அவர் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். இருந்தாலும் விண்ணப்பித்தேன். கல்லூரியில் படிக்கிற என் மகள் போனிலேயே எல்லாவற்றையும் நிரப்பிக்கொடுத்தாள்.

சில வாரங்கள் கழித்து அமைச்சகத்தின் சென்னை அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் ஒரு காரில் வந்தார்கள். நாற்பது வயதுக்குள் இருக்கிற ஒரு பெண் அதிகாரி, கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு உதவியாளர். எங்கள் மாடியில் முக்காலியை நிறுத்தி, அதன் மேல் பந்து மாதிரி தலை வைத்த ஒரு கருவியைப் பொருத்தினார்கள். கொஞ்ச நேரம் ஓட விட்டார்கள். பிறகு தெருவில் அளந்தார்கள். கடைசியாக அந்த அதிகாரி டவரில் கட்டியிருந்த ஆண்டெனாக்களை அண்ணாந்து பார்த்து, அவை எந்தப் பக்கம் பார்க்கின்றன என்று கணித்து, பக்கத்து மாடியிலும் அளக்கவேண்டும், அந்த வீட்டில் அனுமதிப்பார்களா என்று கேட்டார்.

நான்தான் போய்க் கதவைத் தட்டினேன். அக்கா என்னையும் பின்னால் நின்றவர்களையும் பார்த்தார். உள்ளே கட்டிலிலிருந்து பாயின் குரல் வந்தது. வரச்சொல்லு என்றார். அதோடு, தன்னையும் மேலே கூட்டிப்போகச் சொன்னார்.

அக்கா வேண்டாம் என்றார். பாய் கேட்கவில்லை. கைலியை இழுத்துக் கட்டிக்கொண்டு எழுந்து நின்றார். அன்று என் கணவர் வீட்டில்தான் இருந்தார். அவர் வந்து பாயின் தோளுக்குக் கீழே கை கொடுத்து, ஒவ்வொரு படியாக நிறுத்தி நிறுத்தி ஏற்றினார். மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார வைத்தோம். எதிரே எங்கள் மாடியில் டவர். அந்தப் பக்கத்திலிருந்து நான் அதைப் பார்த்ததில்லை. பெரிதாகத்தான் இருந்தது.

அளந்து முடியும்வரை பாய் அந்தக் கருவியையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும், அந்த மிஷினைக் கையில் வாங்கிப் பார்க்கலாமா என்று கேட்டார். உதவியாளர் தயங்கினார். அதிகாரி, கொடுங்கள் என்று சொல்லி, கையில் பிடிக்கிற இன்னொரு சிறிய கருவியை அவரிடம் கொடுத்தார். பாய் அதை டவரை நோக்கி நீட்டினார். எண்கள் கொஞ்சம் அசைந்தன. பிறகு சட்டைப் பையில் இருந்த தன் போனை எடுத்து எனக்கு டயல் செய்து, கருவியை அதன் பக்கத்தில் கொண்டுபோனார். எண் சட்டென்று எகிறியது. டவருக்கு நேராகக் காட்டியபோது வந்ததைவிட மேலே போனது. என் போன் கீழே வீட்டுக்குள் அடித்துக்கொண்டிருந்தது. பாய் போனை அணைத்தார். சிரிப்பு மாதிரி ஒன்று அவர் முகத்தில் வந்து போனது.

"அப்ப எனக்கு எதால வந்துச்சு மா?" என்று அதிகாரியைக் கேட்டார்.

அந்தப் பெண் பாயின் நாற்காலிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"தெரியாதுங்க ஐயா. இந்த மிஷின் அதச் சொல்லாது. இந்த இடத்துல இப்ப எவ்வளவு இருக்குன்னு மட்டும்தான் சொல்லும். அனுமதிச்ச அளவுக்கு ரொம்பக் கீழதான் இருக்கு. உங்களுக்கு ஏன் வந்துச்சுன்னு நான் சொன்னா அது பொய்."

"அது போதும் மா," என்றார் பாய்.

அக்காவுக்குப் போதவில்லை. நீங்கள் வருவது தெரிந்து கம்பெனிக்காரன் குறைத்து வைத்திருந்தால் என்று கேட்டார். அதிகாரி கோபித்துக்கொள்ளவில்லை. போகிற இடமெல்லாம் இதைக் கேட்கிறார்கள் என்றார். கம்பெனிக்குச் சொல்லாமல் கிளம்பிப் போய் அளப்பதும் உண்டு, இங்கேயும் அப்படி ஒருநாள் வந்து பார்க்கச் சொல்கிறேன் என்றார். அக்கா தலையை ஆட்டினார். அது நம்பிக்கையின் தலையாட்டல் இல்லை. பாய் மனைவியைத் திரும்பிப் பார்த்து, "கேட்டுகினியா? இனிமே அந்த ஊட்ட ஒண்ணும் சொல்லாத," என்றார். அவர் அப்படிச் சொன்னதும் என் கண் நிறைந்துவிட்டது. அக்கா என்னைப் பார்க்கவில்லை. பாயின் காலில் வெயில் விழுகிறது என்று நாற்காலியை நகர்த்துவதிலேயே இருந்தார்.

அறிக்கை மின்னஞ்சலில் வந்தது. எல்லா இடத்திலும் அளவுக்குள் இருப்பதாகப் போட்டிருந்தது. அச்செடுத்து அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி டி.வி. மேல் வைத்தார். நல்லது மா என்றார். அந்த இரண்டு சொல்லுக்குப் பிறகு எனக்கு அங்கே நிற்க ஒரு காரணமும் இல்லை.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் பாய் இறந்துபோனார். மகள் விமானத்தில் வந்து சேர்ந்தாள். தெருவில் யாரும் அன்று வேலைக்குப் போகவில்லை. என் கணவர் ஜனாஸாவோடு பூந்தமல்லி அடக்கஸ்தலம் வரை நடந்தார். நான் பெண்கள் இருந்த அறையில் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். அக்கா எல்லோருடைய கையையும் பிடித்து அழுதார். என்னிடம் வந்தபோது கை வந்தது, ஆனால் முகம் வேறு பக்கம் இருந்தது.

கணவரை இழந்த பெண்கள் வீட்டோடு இருக்கிற இத்தா காலம் தொடங்கியது. மகள் திரும்பிப் போய்விட்டாள். அக்கா தனியாக என்ன செய்கிறாரோ என்று ஒருநாள் குழம்பும் சோறும் எடுத்துக்கொண்டு போனேன். கதவைத் திறந்தார். பாத்திரத்தை வாங்கிக்கொண்டார். பிறகு, குரலைத் தாழ்த்தி, வேறு யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னார்:

"நீ வராத மா. உன் மேல கோவம் இல்ல. உன்ன பாத்தா எனக்கு அதுதான் கண்ணு முன்னாடி வருது."

சரி அக்கா என்று திரும்பிவிட்டேன். மறுநாள் பாத்திரம் கழுவிக் கவிழ்த்து எங்கள் கேட் தூண் மேல் இருந்தது.

அதற்குப் பிறகு அவர் மாடிக்கு வருவதே நின்றுபோனது. துணி எல்லாம் வீட்டுக்கு முன்னால் கயிறு கட்டிக் காயப்போட்டார். இத்தா முடிந்த பிறகும் அப்படித்தான். நான் மாடிக்குப் போகும்போதெல்லாம் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலி தொட்டி ஓரத்தில் கிடந்து வெயிலில் வெளுத்துக்கொண்டிருந்தது. யாரும் அதைக் கீழே எடுத்துப் போகவில்லை.

கம்பெனியில் பீஸ்களை கேஜில் வைக்கும்போது சில நாள் கை நின்றுவிடும். அளவு என்ன சொன்னதோ அது சரி. இன்றுவரை எனக்கு அதில் சந்தேகம் கிடையாது. அந்த அதிகாரி ஒரு வார்த்தை கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. பாயைப் போன்றவருக்கு அது போதுமானதாக இருந்தது, ஏனென்றால் அவர் போகப்போகிறவர். இருந்து வாழவேண்டியவருக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. அமைச்சகத்தின் கருவியில் அது இல்லை. ஆஸ்பத்திரி ஸ்கேனிலும் இல்லை. எங்கள் மாடியில் மட்டும், எல்லோரும் பார்க்கிற உயரத்தில், ஒன்று நின்றுகொண்டிருந்தது.

ஒப்பந்தம் முடிகிற நேரம் வந்தது. கம்பெனி ஆள் புதுப்பிக்க வந்து கூடத்தில் உட்கார்ந்தார். வாடகையை ஏற்றித் தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்று சொல்லவேண்டும், அதற்கு என் கணவரோடு சண்டை போடவேண்டியிருக்கும் என்று மனதுக்குள் தயாராக இருந்தேன். என் கணவரே காபியைக் குடித்து முடித்துவிட்டு, வேண்டாம், எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்.

அந்த ஆள் போன பிறகு என் மகள்தான் கோபப்பட்டாள். அளந்து சரியென்று சொன்ன பிறகு எடுத்தால், தெரு பேசியது உண்மை என்று நாமே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகாதா என்று கேட்டாள். அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. நானே அதைப் பல முறை யோசித்திருந்தேன்.

என் கணவர் சொன்னார்: "அளவு சரியாத்தான் கீது. எனக்கும் தெரியும். ஆனா நான் அந்தாள கையப் புடிச்சுகினு மாடி ஏத்துனேன். அந்தக்கா இப்ப அவங்க ஊட்டு மாடிக்கே வர்றதில்ல. நம்ப கையில கீறது இது ஒண்ணுதான்."

மகள் எழுந்து உள்ளே போய்விட்டாள். ஒப்புக்கொண்டாளா என்று தெரியாது.

டவரை இறக்க ஒரு முழு நாள் ஆனது. இடுப்பில் கயிறு கட்டிய ஆட்கள் மேலே ஏறி, ஒவ்வொரு துண்டாகக் கழற்றி இறக்கினார்கள். தெருவே வேடிக்கை பார்த்தது. நினைத்த மாதிரியே இரண்டு பேச்சும் வந்தது. பார்த்தாயா, குற்றம் இருந்ததால்தான் எடுக்கிறார்கள் என்றார் ஒருவர். இனிமேல் நெட்டுக்கு எங்கே போவது என்றார் இன்னொருவர். அக்காவின் வீட்டில் முன்கதவு சாத்தியே இருந்தது. அதே டவரை மெயின் ரோட்டில் ஒரு கடைக் கட்டிடத்தின் மேல் வைத்துவிட்டார்கள். எங்கள் தெருவில் பழையபடி வீட்டுக்குள் பேச்சு விட்டு விட்டுக் கேட்டது.

ஒரு மாதம் போயிருக்கும். சாயங்காலம் துணி எடுக்க மாடிக்குப் போனேன். பக்கத்து மாடியில் அக்கா நின்றிருந்தார். போனைக் காதில் வைப்பதும் எடுத்துப் பார்ப்பதுமாக இருந்தார். மகளோடு பேச வந்திருக்கிறார் என்று புரிந்தது. கீழே கிடைக்காது. மேலேயும் கிடைக்கவில்லை போலிருக்கிறது. ஹலோ, ஹலோ என்று இரண்டு மூன்று முறை சொன்னார். நான் துணியைக் கொடியிலிருந்து உருவாமல் நின்றேன். இறங்கிப் போய்விடலாமா என்று நினைத்தேன்.

அவர்தான் பேசினார்.

"இங்கயும் கட்டாவுது மா. உன் பக்கம் வருதா?"

எங்கள் படிக்கட்டு அறை ஓரம் கொஞ்சம் வரும் அக்கா என்றேன். அவர் சந்துக்கு மேலே கையை நீட்டிப் போனை என்னிடம் கொடுத்தார். வாங்கிக்கொண்டு அந்த மூலைக்குப் போய் நின்றேன். திரையில் முகம் வராமல் குரல் மட்டும் வந்தது. அம்மா என்றாள். அம்மா இல்லை, நான் பேசுகிறேன் என்றேன். பாய் இறந்த வீட்டில் பார்த்ததற்குப் பிறகு அவளிடம் நான் பேசவே இல்லை. அவள் கேட்டாள்:

"ஆன்ட்டி, எங்கம்மா ஒழுங்கா சாப்புடுறாங்களா? எங்கிட்ட உண்மைய சொல்ல மாட்றாங்கோ."

நான் திரும்பி அக்காவைப் பார்த்தேன். கைப்பிடிச் சுவரில் இரண்டு கையையும் ஊன்றி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது. சாப்பிடுகிறார் என்று சொல்ல வாய் வரவில்லை.

"இளைச்சுத்தான் போயிட்டாங்க," என்றேன். "இனிமே நான் பாத்துக்கறேன்."

மகளின் காதில் அது விழுந்ததா என்று தெரியவில்லை. லைன் போயிருந்தது. ஆனால் அக்காவின் காதில் விழுந்துவிட்டது. போனைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி முந்தானையில் துடைத்தார். டவரைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. இப்போதும் அவர் மனதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். என் மனதில் இருப்பதும் அவருக்குத் தெரியும்.

"இன்னா குழம்பு இன்னிக்கு?" என்று கேட்டார்.

கத்தரிக்காய் என்றேன்.